கரிக்கோச்சி வந்தபோது கண்ணை மூடியவள்

கும்பாபிஷேகத்துக்குப் போன இடத்தில் ரயிலைத் துரத்திக்கொண்டு ஓடவேண்டி வரும் என்று யாராவது முன்னால் சொல்லியிருந்தால், பட்டுச்சேலை ஒன்றைக் குறைத்துக்கொண்டு நல்ல செருப்பு ஒரு ஜோடி எடுத்து வைத்திருப்பேன்.

எங்களுக்கு மணப்பாறை. கண்டிக்குப் பக்கத்தில் கலஹாவில் தேயிலைத் தோட்டத்தில் இருக்கிற ராஜலெட்சுமி எனக்குத் தங்கை முறை. என் சின்னத்தாத்தா பிழைக்கப் போன வழியில் வந்த சொந்தம். போனில் பேசிப் பேசியே கூடப் பிறந்தவள் மாதிரி ஆகிவிட்டாள். அவர்கள் தோட்டத்து மாரியம்மன் கோவிலுக்குக் கும்பாபிஷேகம் என்றதும், "அக்கா, நீங்க வராம இங்க கும்பம் ஏறாது, சொல்லிட்டேன்" என்று ஒரே பிடியாக நின்றாள். அம்மன் கூப்பிடுகிறாள் என்றுதான் எடுத்துக்கொண்டேன். எங்கள் வீட்டுக்காரர் சட்டைகளுக்கு நடுவில் காமிராவைச் சுற்றி வைத்தார். அவர் எதற்காக வருகிறார் என்பது எனக்கு அப்போதே தெரியும்.

கண்டியில் இறங்கியதும் முதலில் ஆச்சரியப்பட்டது ரோட்டைக் கடக்கும்போதுதான். மஞ்சள் கோட்டில் ஒரு கால் வைத்தேன். வேகமாக வந்த பஸ் அப்படியே நின்றது. டிரைவர் 'போங்க' என்று கையால் காட்டினார். எனக்கு நம்பிக்கை வரவில்லை, காலைப் பின்னால் எடுத்துவிட்டேன். பஸ் புறப்பட்டது. மறுபடி கால் வைத்தேன், அடுத்த பஸ்ஸும் நின்றது. "கடவுளே, ஒண்ணு போ, இல்ல நில்லு. ஊரையே நிப்பாட்டி வச்சிருக்க" என்று இவர் என் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனார். எங்கள் ஊர்ப் பஸ் நிலையத்து வாசலில் இந்த மரியாதை கிடைத்தால் நான் தினமும் இரண்டு தடவை கடப்பேன்.

ஏரிக்கரையில் புத்தருடைய பல் இருக்கிற மாளிகைக்கும் போனோம். வெள்ளை உடுத்திய ஜனங்கள் தாமரையும் நீலப்பூவும் உள்ளங்கையில் ஏந்திக்கொண்டு சத்தமே இல்லாமல் வரிசையில் நகர்ந்தார்கள். நெருக்கித் தள்ள ஒருவர் இல்லை. நானும் ஒரு தட்டுப் பூ வாங்கி வைத்துக் கும்பிட்டேன். எந்தச் சாமியாக இருந்தாலும் பூ பூதானே.

பசிக்கு ஒரு சைவக் கடை கிடைத்தது. இடியாப்பம், மஞ்சள் நிறத்தில் சொதி, சிவப்பாகத் தேங்காய்ச் சம்பல். இந்த நாட்டில் சம்பலில் மாசிக் கருவாடு போடுவார்கள் என்று ராஜலெட்சுமி எச்சரித்திருந்தாள். நான் தட்டை மோந்து பார்ப்பதைக் கடைக்காரர் கவனித்துவிட்டார். யாழ்ப்பாணத்துக்காரர். "ஓம் அம்மா, இது சைவக் கடைதான். பயப்பிடாமல் சாப்பிடுங்கோ. மாசி இந்தத் தெருவுக்குள்ளயே வராது" என்றார். அந்தச் சொதியை இன்னும் நாக்கு மறக்கவில்லை. தேங்காய்ப்பாலில் இத்தனை லேசாக ஒரு குழம்பு வைக்க நாங்கள் ஏன் கற்றுக்கொள்ளவில்லை என்று தெரியவில்லை.

மறுநாள் கும்பாபிஷேகம். மலைச்சரிவில் பச்சைக்கு நடுவே சின்னக் கோபுரம். தோட்டத்துச் சனங்கள் தங்கள் கூலியிலிருந்து கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்த்துக் கட்டியது. பெண்கள் விடிவதற்கு முன்னாலேயே குளித்து, மஞ்சள் சேலை கட்டி வந்து நின்றார்கள். கலசத்தில் நீர் ஊற்றும் நேரத்தில் மழையும் தூறியது. எது ஐயர் தெளித்தது, எது வானம் தெளித்தது என்று பிரித்துச் சொல்ல முடியாமல் எல்லோர் தலையும் நனைந்தது. பணக்காரக் கோவில்கள் பலவற்றில் கூட்டத்தில் நசுங்கியிருக்கிறேன். அங்கே வராத கண்ணீர் இங்கே வந்தது.

அன்னதானப் பந்தியில்தான் ரயில் பேச்சு வந்தது. எங்களைக் கண்டியிலிருந்து வேனில் கொண்டுவந்து விட்டவர் நிசாம். எங்கள் ஊரில் 'பாய்' என்போம், இங்கே 'நானா' என்கிறார்கள். இலையில் உட்கார்ந்து பாயசத்தைச் சோற்றில் பிசைந்துகொண்டே, "அண்ணன் காமிராவத் தூக்கிட்டு வந்தீக்கிறீங்களே, நாளைக்கி கரிக்கோச்சி வருதே, தெரியாதா?" என்றார்.

கோச்சி என்றால் இங்கே ரயில். பழைய நீராவி இன்ஜின் பூட்டிய வண்டி, சுற்றுலாக்காரர்களை ஏற்றிக்கொண்டு கொழும்பிலிருந்து கண்டிக்கு மலையேறி வருகிறதாம். எப்போதாவது ஒரு தடவைதான் ஓடுமாம். இவர் இலையிலிருந்து கையை எடுத்துவிட்டார்.

இதை வாசிப்பவர்களுக்கு ஒரு விஷயம் சொல்லவேண்டும். எங்கள் வீட்டுக்காரர் மணப்பாறையில் ஸ்டுடியோ வைத்திருந்தவர். கல்யாணம், காதுகுத்து, பாஸ்போர்ட் படம் எல்லாம் எடுப்பார். ஆனால் மனசு முழுக்க ரயில். தண்டவாளம் தெரிந்தால் வண்டியை நிறுத்திவிடுவார். ஊட்டி மலை ரயிலை எத்தனையோ தடவை எடுத்திருக்கிறார். அதில் ஒரு குறை. ஏற்றத்தில் அந்த இன்ஜின் பின்னால் நின்று தள்ளும். முன்னால் நின்று பெட்டிகளை இழுத்துக்கொண்டு, மூச்சு வாங்கிக்கொண்டு, நம் முகத்துக்கு நேராக வருகிற நீராவி இன்ஜின் படம் ஒன்று வேண்டும் என்பது இவருடைய ஆசை.

இப்போது இவருக்குக் கண்ணில் அழுத்த நோய். வலது கண்ணில் வெளிச்சம் மட்டும்தான். இடது கண்ணில் நேரே இருப்பது தெரியும், ஓரங்கள் இல்லை. குழாய் வழியாகப் பார்க்கிற மாதிரி என்பார். "போனது திரும்பாது. இருக்கிறதைச் சொட்டு மருந்தால காப்பாத்தப் பார்ப்போம். எவ்வளவு காலத்துக்குன்னு என்னால சொல்ல முடியாது" என்று டாக்டர் சொல்லிவிட்டார். அன்றிலிருந்து இவர் அந்தப் படத்தைப் பற்றிப் பேசுவதையே நிறுத்திவிட்டார். அதுதான் எனக்குப் பயமாக இருந்தது.

அடுத்த நாள் காலையில் ராஜலெட்சுமி தேங்காய் ரொட்டியும், எனக்காக மாசி போடாத சம்பலும் கட்டிக் கொடுத்தாள். பேராதனை வழியாகக் கடுகண்ணாவைக்கு மேற்கே போய், மலை வளைவு ஒன்றில் நிசாம் நானா வேனை நிறுத்தினார். ஒரு பக்கம் கிடுகிடு பள்ளம், மறுபக்கம் பாறை, நடுவில் தண்டவாளம். அந்தப் பள்ளத்தாக்கின் அழகை எழுத எனக்குப் படிப்பு போதாது. முருகன் நிற்பதற்கென்றே செய்து வைத்த குன்றுகள் வரிசையாக நிற்கின்றன என்று மட்டும் சொல்வேன்.

எங்களுக்கு முன்பே பத்துப் பதினைந்து பேர் காமிராவோடு நின்றார்கள். வெள்ளைக்காரர்களும் உண்டு. பக்கத்து வீட்டுச் சிங்கள அம்மா ஒருவர் தன் வாழைத் தோட்டத்து மேட்டில் இவருக்கு இடம் கொடுத்தார். பால் இல்லாத தேத்தண்ணியும், கடித்துக்கொள்ள ஆளுக்கொரு துண்டு கித்துள் பனைக் கருப்பட்டியும் கொண்டுவந்தார். இவர் காமிராவைத் துடைப்பதும் வேட்டியைச் சரி செய்வதுமாக இருந்ததைப் பார்த்து என்னவோ சொல்லிச் சிரித்தார். நானா மொழிபெயர்த்தார்: "பொண்ணு பாக்க வந்த மாப்பிள்ளை மாதிரியே நிக்கிறாரே, கூட வந்தது அம்மாவா என்று கேக்கிறாங்க." எனக்குக் கோபம் வந்தது. ஆனால் தேத்தண்ணி நன்றாக இருந்தது, விட்டுவிட்டேன்.

இவர் என்னைப் பக்கத்தில் நிறுத்தினார். "கோமு, காமிராவுல கண்ணை வச்சுட்டா ஓரத்துல வர்றது எனக்குத் தெரியாது. எதிர்ல அந்த வெள்ளைக் கம்பம் தெரியுதா? இன்ஜின் அதைத் தொட்டதும் 'ம்'னு சொல்லு. முன்னாடியும் வேணாம், பின்னாடியும் வேணாம்."

"ஒரு 'ம்' தானே? அதுகூடவா சொல்லமாட்டேன்?"

முதலில் சத்தம்தான் வந்தது. மலைக்கு அந்தப் பக்கம் யாரோ பெரிய ஆள் மூச்சிரைத்துக்கொண்டு படியேறுகிற மாதிரி. பிறகு மரங்களுக்கு மேலே புகை. பிறகு ஊதல். நின்றவர்கள் எல்லோரும் ஒரே நேரத்தில் காமிராவைத் தூக்கினார்கள். பாறையைச் சுற்றிக்கொண்டு அது வந்தது. கறுப்பு உடம்பு, நெற்றியில் விளக்கு, இரண்டு பக்கமும் வெள்ளை ஆவி. தேர் நிலையை விட்டுக் கிளம்பித் தெருமுனை திரும்பும்போது எப்படி நெஞ்சு அடைக்குமோ, அப்படி அடைத்தது.

நான் கண்ணை மூடிவிட்டேன்.

கை இரண்டும் தலைக்கு மேலே போய்விட்டது. "முருகா" என்றேன். வேண்டுமென்று செய்யவில்லை. கோவிலில் திரை விலகிக் கற்பூரம் காட்டுகிற ஒரு நிமிஷத்துக்காக அரை நாள் காத்திருப்போம், காட்டும்போது கண்ணை மூடிக்கொள்வோம் இல்லையா? அந்தப் பழக்கம். கண்ணைத் திறந்தபோது பெட்டிகள் போய்க்கொண்டிருந்தன. இவர் இன்னும் காமிராவில் கண்ணை வைத்தபடி, "சொல்லு... கோமு, சொல்லு..." என்றார். பிறகு அவசரமாக ஒரு தடவை அமுக்கினார். விழுந்தது கடைசிப் பெட்டியின் முதுகு.

"ஏன் சொல்லலை?"

"கும்பிட்டுட்டேங்க."

இவர் திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை. நிசாம் நானாதான் வேன் கதவைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். "யா அல்லாஹ்! கரிக்கோச்சியக் கும்பிட்ட ஆள இன்னைக்கித்தான் பாக்கிறேன். ஏறுங்க அக்கா, ஏறுங்க. பேராதனைக்கி முன்னுக்குப் புடிச்சிடலாம், இன்ஷா அல்லாஹ்."

அப்புறம் நடந்ததுதான் துரத்தல். பெரிய ரோட்டில் நெரிசல் என்று நானா சின்ன ரோட்டில் இறக்கினார். வளைவுக்கு வளைவு ஊதல் கேட்கிறது, வண்டி தெரியவில்லை. ஒரு இடத்தில் வயலுக்கு அந்தப் பக்கம் புகை எங்களோடு சேர்ந்தே ஓடியது. "முந்திட்டோம், முந்திட்டோம்!" என்று நான் கத்தினேன். அடுத்த வளைவில் ரயில்வே கேட். அடைத்திருந்தது. எங்களுக்கு முன்னால் பாண் (பிரெட்டுக்கு இங்கே அந்தப் பெயர்) விற்கிற ஆட்டோ ஒன்று, கூரையில் கட்டிய ஒலிபெருக்கியில் பாட்டுப் போட்டபடி நின்றது. அதற்கு முன்னால் மணல் லாரி. லாரிக்கு அந்தப் பக்கம் கரிக்கோச்சி போனது. பூமி ஆடியது, வேனின் கண்ணாடி ஆடியது, எங்களுக்குத் தெரிந்தது புகை மட்டும். இவர் இறங்கி ஓடிப்போய் ஒரு படம் எடுத்தார். அதில் பாண் ஆட்டோவும், தலைக்கு மேலே ஒரு மேகமும் இருக்கிறது.

பாண்காரர் எட்டிப் பார்த்துச் சிங்களத்தில் ஏதோ கேட்டார். நானா சொன்னார்: "படம் புடிச்சதுக்குப் பதிலா ரெண்டு பனிஸ் வாங்கச் சொல்றாரு." வாங்கினோம். நம் ஊர் பன்தான், சூடாக, தேங்காய்ப்பூ வைத்து, மிக நன்றாக இருந்தது. இவர் சாப்பிடவில்லை.

சாயங்காலம் ராஜலெட்சுமி வீட்டில் இவர் கண்ணுக்கு மருந்து விட்டுக்கொண்டு படுத்துவிட்டார். அவருக்கு ஓரம் தெரியாதென்று என் கண்ணைக் கேட்டார், நான் அதை மூடிக்கொண்டேன். அடுப்படியில் அழுதேன். ராஜலெட்சுமி தோட்டத்துப் பிள்ளைக் காம்பராவில் வேலை செய்கிறாள். கொழுந்து பறிக்கப் போகிறவர்களின் குழந்தைகளைப் பார்த்துக்கொள்கிற இடம்.

"அழுவாதீங்கக்கா. எங்க காம்பராவுல ஒரு பயல் இருக்கான், எந்நேரமும் விரலைச் சூப்புவான். அடிச்சா நிக்குமா? ரெண்டு கையிலயும் சாமானைக் குடுத்துடுவேன். மச்சான்கிட்டச் சொல்லி அந்தக் காமிராவ நீங்க வாங்கிக்கிருங்க. ரெண்டு கையும் அதுல இருந்தா எப்புடிக் கும்புடுவீங்க?"

"போடி. அதை யார் கையிலயும் குடுக்கமாட்டார். கழுவக்கூட நான் தொடக்கூடாது."

"காமிராவக் கழுவுவாங்களாக்கா?" என்று அவள் சிரித்தாள். எனக்கும் சிரிப்பு வந்துவிட்டது.

கரிக்கோச்சி கண்டியில் தங்கி, மறுநாள் காலை நாவலப்பிட்டிப் பக்கம் மேலே ஏறுகிறது என்று நானா விசாரித்து வைத்திருந்தார். அன்று ராத்திரி எங்களுக்கு விமானம். கம்பளை தாண்டிப் பார்த்துவிட்டு அப்படியே கொழும்புக்குக் கிளம்பவேண்டும் என்று பெட்டிகளையும் வேனில் ஏற்றிவிட்டோம். அதோடு சரி, வேறு வாய்ப்பு இல்லை.

மகாவலி ஆறு கூடவே வந்தது. கம்பளை தாண்டியதும் மூடுபனி. நானா வேனை நிறுத்திய இடத்தில் தேயிலைச் சரிவு இறங்கி வேலியில் முடிகிறது, வேலிக்கு அந்தப் பக்கம் தண்டவாளம், சற்றுத் தள்ளி ஒரு பாலம். இவர் காமிராவில் கண்ணை வைத்தார். எடுத்தார், துடைத்தார். மறுபடி வைத்தார். வெகுநேரம் அப்படியே நின்றார்.

"கோமு, எனக்கு ஒண்ணும் தெரியலை. எல்லாம் வெள்ளையா இருக்கு."

எனக்கு வேலி தெரிந்தது. தண்டவாளம் தெரிந்தது. பாலத்தின் கம்பிகூடத் தெரிந்தது. பனி அவ்வளவு ஒன்றும் கனமில்லை. அதை நான் சொல்லவில்லை.

காமிராவைக் கொடுங்கள் என்று நான் கேட்கவுமில்லை. இவராகவே கழுத்திலிருந்து வாரைக் கழற்றி என் கழுத்தில் போட்டார். தாலிச் சரடோடு மாட்டிக்கொண்டது, அதை எடுத்துவிட்டார். "எல்லாம் சரியா வச்சிருக்கேன். இந்தப் பட்டனை அமுக்கு, அமுக்கினா விடாதே. அது தானா எடுத்துக்கிட்டே இருக்கும். நான் கீழ போய்ச் சத்தத்தைக் கேட்டுச் சொல்றேன்." அந்தக் காமிரா எவ்வளவு கனம் என்று அன்றுதான் தெரிந்தது.

இவர் வேலி ஓரமாக இறங்கி நின்றார். காதைச் சாய்த்துக்கொண்டு சத்தம் போட்டார். "ஸ்டேஷனை விட்டுருச்சு!" எனக்கு ஒன்றும் கேட்கவில்லை. "வளைவு ஏறுது... திணறுது, நல்லாத் திணறுது... இப்போ பாலம்!" பிறகுதான் எனக்குக் கேட்டது. நானா பக்கத்தில் நின்று, "அக்கா, கண்ணு! கண்ணு!" என்று எனக்கு மட்டும் கேட்கிற மாதிரி சொல்லிக்கொண்டே இருந்தார்.

பனியைக் கிழித்துக்கொண்டு வந்தது. முன்னால் நின்று இழுத்துக்கொண்டு, நேராக. புகை மேலே போகாமல் பனியோடு சேர்ந்து பெட்டிகளின் மேல் சாய்ந்தது. என் உடம்பெல்லாம் கும்பிடச் சொன்னது. கை இரண்டும் காமிராவில். கண்ணை மூடவில்லை முருகா, மூடவில்லை. அமுக்கினேன், விடவேயில்லை. கடைசிப் பெட்டி மறைந்து, தண்டவாளம் காலியாகி, நானா என் விரலைப் பிடித்து எடுத்துவிடும்வரை அமுக்கிக்கொண்டிருந்தேன்.

இவர் சரிவில் மூச்சு வாங்க ஏறி வந்தார். "எடுத்தியா?"

"எடுத்தேன்."

வேன் படியில் உட்கார்ந்து, காமிராவின் சின்னத் திரையை இடது கண்ணுக்கு ஒட்டினாற்போல் பிடித்துக்கொண்டார். ஒரே பார்வையில் முழுப் படம் இவருக்குத் தெரியாது. கொஞ்சம் கொஞ்சமாக நகர்த்தித்தான் பார்க்கவேண்டும். புகையிலிருந்து தொடங்கினார். "புகை நல்லா விழுந்திருக்கு." புகைபோக்கி. விளக்கு. "சக்கரம் தெளிவா இருக்குடி." திரையை ஓரத்துக்கு நகர்த்தியவர் நின்றுவிட்டார்.

"யாரு இது? குறுக்கால நிக்கிறது?"

"நீங்கதாங்க."

நானா சிரிக்க வாயெடுத்து, என் முகத்தைப் பார்த்துவிட்டு நிறுத்திக்கொண்டார். வேலி ஓரத்தில், வேட்டியை மடித்துக் கட்டிய ஒரு மனுஷன், ரயிலைப் பார்த்துக் கையைத் தூக்கிக்கொண்டு நிற்கிறார். ஸ்டுடியோ வைத்திருந்தவருக்கு இது எத்தனை பெரிய தப்பு என்று எனக்குத் தெரியும். படத்தில் ஆள் விழுந்துவிட்டால் அந்தக் காலத்தில் பிலிமையே வெட்டி எறிவார்.

"நான் கை காட்டினேனா?"

"காட்டினீங்க. சின்னப்பிள்ளை மாதிரி."

மறுபடியும் கண்ணை ஒட்டிக்கொண்டு, மெதுவாக, மிக மெதுவாக இன்ஜின் பக்கம் நகர்த்தினார். "டிரைவர் வெளியில சாஞ்சிருக்கான்" என்றார். பிறகு, "அவனும் கையைத் தூக்கியிருக்கானே. யாருக்குக் காட்டுறான்?"

அந்தச் சரிவில் வேறு யாரும் இல்லை.

"உங்களுக்குத்தாங்க."

"எனக்கா?" என்றார்.

நானா வேனைக் கிளப்பினார். கொழும்பு ரோட்டில் இறங்கி, ஆறு கண்ணிலிருந்து மறைந்து வெகுநேரம் ஆன பிறகும், இவர் காமிராவைக் கீழே வைக்காமல் அந்தக் கையையே பார்த்துக்கொண்டு வந்தார்.